கப்பல் பெயிண்டில் ஒரு கேரம் மேளா

போர்டு எழுதிப் பிழைக்கிறவன் மழையைக்கூடச் சமாளித்துவிடலாம், கமிட்டியைச் சமாளிக்க முடியாது. இதைப் படித்ததும் "ஆமாம்யா" என்று பெருமூச்சு விடுகிற சக பெயிண்டர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் போர்ட் பிளேரில், டாலிகஞ்சில் ஒரு மளிகைக் கடையை ஒட்டிய தகரச் சாய்ப்பில் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். குடித்தனமும் அங்கேயேதான். அந்த வருஷம் எல்லாத் தீவுக்காரர்களையும் அழைத்து கேரம், செஸ், தாயம் என்று மூன்று நாள் விளையாட்டு மேளா நடத்தத் தீர்மானித்தார்கள். சின்னம், வாசல் வளைவு, பேனர், வழிகாட்டிப் பலகை, கையில் கொடுக்கிற டோக்கன் வரை எல்லாம் என் பொறுப்பு. கமிட்டிச் செயலாளர் ஒரு சர்க்கார் ஆபீசின் ஹெட் கிளார்க், வங்காளி. படா பாபு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மைதானம் நிறைந்தால் தன் ஆபீசில் காலியாக இருக்கிற பெயிண்டர் வேலையை, லம்பா லைன் பகுதியில் ஒரு குவார்ட்டர்ஸோடு எனக்கு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தக் குவார்ட்டர்ஸ்தான் எனக்கு உயிர்ப் பிரச்சினை. என் மனைவி மரகதம் விருதுநகர்க்காரி. நாலு அண்ணன்களோடு கேரம் ஆடி வளர்ந்தவள். ஒரு மழைக்காலம் முழுக்கத் தகரச் சாய்ப்பின் ஒழுகலில் படுத்து எழுந்தபின், "அடுத்த கப்பல்ல நான் ஊருக்குப் போறேன்" என்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். கொடுமை என்னவென்றால், மேளாவுக்கு வேண்டிய பெயிண்டும் அதே கப்பலில்தான் வரவேண்டும். வா என்று கும்பிடுவதா, வராதே என்று கும்பிடுவதா என்று தெரியாமல் முழித்தேன்.

நண்டு

சின்னமாகப் புலி போடச் சொன்னார்கள். இந்தத் தீவில் ஏது புலி? நிகோபார் பக்கம் தென்னை மரத்தில் ஏறுகிற பெரிய நண்டு இருக்கிறதே, அதன் கொடுக்கில் ஒரு ஸ்டிரைக்கரைப் பிடிக்கவிட்டு வரைந்தேன். எனக்கே அதன்மேல் ஆசை வந்துவிட்டது. அவ்வளவு தெனாவட்டாக அமைந்திருந்தது.

கமிட்டியில் ஏழு பேர். ஒருவர் கண்ணை உருட்டச் சொன்னார், ஒருவர் மீசை கேட்டார். கொடுக்கு ஆறு இருந்தால் கம்பீரம் என்றார் மற்றொருவர். அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த காதர் பாய் மட்டும் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். மேளாவுக்குப் பேனர் துணி கொடுத்தவர் அவர்தான்.

"தம்பி, நண்டு நல்லாத்தான் இருக்கு, பகுத் படியா! ஆனா இதைப் பார்த்தா எனக்கு விளையாட்டு ஞாபகம் வரலே, பசிதான் வருது."

எந்த மொழி மேலே?

அடுத்த ரகளை எழுத்தில். மேளாவின் பெயரை இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம், தமிழ் என்று ஐந்து மொழியிலும் எழுதவேண்டும். எது மேலே, எது கீழே என்று மூன்று கூட்டம் நடந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் டீ செலவானதுதான் மிச்சம். கடைசியில் கேரம் காய் மாதிரி வட்டமாகப் பலகை அறுத்து, நண்டை நடுவில் வைத்து, ஐந்து மொழியையும் விளிம்பைச் சுற்றி எழுதினேன். வட்டத்துக்கு மேலேது, கீழேது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பஜார் முனையில் ஒற்றை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை பார்த்தால் தெலுங்கு உச்சியில் நின்றது, நண்டு மல்லாந்து கிடந்தது. நேராக்கினேன். சாயங்காலம் மலையாளம் ஏறியிருந்தது. அதற்கடுத்த நாள் நம்ம தமிழ். பார்த்ததும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி, பொய் சொல்வானேன். எதிரே வெற்றிலைக் கடை போட்டிருந்த திருநெல்வேலிக்காரரை விசாரித்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நான் தொடவே இல்ல அண்ணாச்சி. இந்தத் தீவுல காத்து அப்படித்தான் அடிக்கும், தெனம் ஒரு பக்கமா."

சாம்பலும் சிவப்பும்

மேளாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் கப்பல் தாமதம் என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை காலைதான் வரும், ஞாயிறு சாயங்காலம் திரும்பும். மேளா தொடங்குவதும் அதே வெள்ளிக்கிழமைதான்! ஊரில் இருந்த பெயிண்டை எல்லாம் வழித்தெடுத்தாலும் ஒரு கதவுக்குக் காணாது.

படகு பழுதுபார்க்கும் பட்டறைக்கு ஓடினேன். அங்கே ஸ்டோர் கீப்பர் ஒரு மலையாளி. அவரிடம் இருந்தது இரண்டே நிறம், கப்பலின் மேல்பக்கத்துக்கு அடிக்கிற சாம்பல், அடிவயிற்றுக்கு அடிக்கிற சிவப்பு. கல்யாண வீட்டுக்கு இழவு வீட்டு நிறமா என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு டின்னை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பெயிண்டரே, இது உப்புத் தண்ணியில ரெண்டு வருஷம் நிக்கும். உங்க மேளாவில மூணு நாள் நிக்காதோ?"

வரிசை

வாசல் வளைவு முழுக்கச் சாம்பல், நடுவில் சிவப்புப் பட்டை. இரண்டு பக்கமும் வட்ட வட்டச் சின்னங்கள். வாசலை ஒட்டி டோக்கன் கொடுக்க ஒரு சிறிய ஜன்னல். ராவும் பகலும் வேலை செய்தவன் கண்ணுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மைதானம் காலி. கமிட்டிக்காரர்களும் ஒரு பசுமாடும்தான் இருந்தோம். படா பாபு என்னைப் பார்த்த பார்வையில் லம்பா லைன் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டது. டோக்கன் ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, மரகதத்தின் பெட்டியை யார் தலையில் தூக்கிவிடுவது என்று யோசித்தேன்.

ஒன்பது மணிக்குத் துறைமுகத்தில் கப்பலின் ஊதல் கேட்டது. பத்து நிமிஷத்தில் ஜன்னலுக்கு முன்னால் இருபது பேர் நின்றார்கள். அரை மணியில் வரிசை சாலையைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்துத் தீவு ரங்கத்திலிருந்து படகில் வந்த விவசாயிகள், குமாஸ்தாக்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று ஜனம் குவிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, நம் ஓவியத்துக்கு இத்தனை சக்தியா என்று. முதல் ஆள் ஜன்னலுக்குள் கையை நீட்டி, "மெட்ராஸ், பங்க் கிளாஸ், தோ ஆத்மி" என்று இரண்டு பேருக்குக் கப்பல் டிக்கெட் கேட்டார்.

அப்புறம்தான் உறைத்தது. சாம்பலையும் சிவப்புப் பட்டையையும் கப்பல் ஜன்னல் மாதிரி இருந்த வட்டச் சின்னங்களையும் பார்த்து, கப்பல் டிக்கெட் கவுன்ட்டர் திறந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். மெயின்லேண்ட் டிக்கெட்டுக்கு வரிசை என்றால் தீவுக்காரன் முதலில் நின்றுவிடுவான், விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். நான் வாயைத் திறக்கவில்லை. வந்தவர்கள் கையிலெல்லாம் ஒரு டோக்கனை வைத்தேன். சிலர் திட்டினார்கள், பலர் சிரித்தார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போவோம் என்று உள்ளே போனார்கள்.

நாற்பதாவது ஆளாக ஜன்னலுக்குள் வளையல் கை ஒன்று நீண்டது. "விருதுநகர் போகணும், மெட்ராஸுக்கு ஒரு டிக்கெட்" என்றது குரல். குனிந்து பார்த்தேன். மரகதம்! அவளும் என்னைப் பார்த்தாள். நான் மகளிர் கேரம் டோக்கன் ஒன்றை அந்தக் கையில் வைத்தேன். பின்னால் நின்றவர்கள் தள்ளிய தள்ளில் அவள் உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் மைதானத்தில் கால்வைக்க இடமில்லை. படா பாபு என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஷாபாஷ், பெயிண்டர் பாபு! வேலை உனக்குத்தான். ஆனால் இந்த ரகசியம் கப்பல் ஆபீஸ்காரனுக்குத் தெரியக் கூடாது, சம்ஜா?"

ஃபைனல்

வெள்ளியும் சனியும் மரகதம் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நர்சை, இரண்டு ஆபீசர் மனைவிகளை, ஒரு தபால் ஆபீஸ்காரம்மாவை வரிசையாக அடித்து ஃபைனலுக்கு வந்துவிட்டாள். எதிரே ரங்கத் பள்ளிக்கூடத்து டீச்சர், கண்ணாடி போட்ட வங்காள அம்மாள். ஞாயிறு சாயங்காலம் ஆட்டம். கப்பலும் அப்போதுதான்.

ஞாயிறு காலை காதர் பாய் எங்கிருந்தோ ஒரு டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார், என் மனைவி கேட்டிருந்தாளாம். மரகதம் விரலில் பவுடர் தடவிச் சுண்டிப் பார்த்துக்கொண்டே, "வேற யாருக்காவது குடுத்துடுங்க பாய், எனக்கு ஆட்டம் இருக்கு" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் பாயைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் கப்பல் ஊதியது. மரகதம் தலையைத் தூக்கவில்லை. ஆனாலும் இரண்டே பாயிண்டில் தோற்றாள். திரும்பும் வழியில், லம்பா லைன் வீடு கிடைத்துவிட்டது என்ற நல்ல செய்தியைச் சொன்னேன், காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சாய்ப்புக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.

"அந்த டீச்சரம்மாவை அடிக்காம நான் எந்தக் கப்பலும் ஏறமாட்டேங்க, முதல்ல எனக்கு ஒரு கேரம் போர்டு வாங்கிட்டு வாங்க."

அந்த டீச்சரம்மா அதற்கடுத்த ஆறு வருஷமும் தொடர்ந்து ஜெயித்துத் தொலைத்தார், அந்த மகராசி நன்றாயிருக்கட்டும்.