சாம்பார் ஆறுகிறது

சான்டா கிளாரா ஆபீசில் எனக்கு அடுத்த தடுப்பில் ஒரு ரஷ்யர் இருந்தார். சோவியத் நாட்களில் ராக் பாடகராம். அவர் பாட்டை டேப்பில் பிரதி எடுத்து ஊரே ரகசியமாகக் கேட்டதாம். இப்போது என் புரோகிராமில் தப்பு கண்டுபிடித்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கிடாரை விற்கப்போவதாகச் சொன்னார். அமெரிக்கா வந்தபின் பாடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லையாம். என் வாய் சும்மா இருக்குமா? எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பாடுங்கள் என்றுவிட்டேன். அங்கே யாராவது இன்னொரு பாட்டு கேட்டால் கிடாரை விற்க மாட்டேன் என்றார்.

கமிட்டி பாட்டின் அர்த்தத்தை எழுதித் தரச் சொன்னது. குடி வருகிறதா, காதல் எந்த அளவுக்கு என்று தலைவர் குடைந்தார். எனக்கு மானம் போயிற்று. பாடகருக்கோ ஒரே பூரிப்பு. சோவியத்திலும் மேடையேறுமுன் அதிகாரிகள் வரிவரியாகப் படிப்பார்களாம். அமெரிக்காவில் தன் வரிகளை மதித்துப் படித்த முதல் ஆள் எங்கள் தலைவர்தானாம்.

விழா வழக்கம்போல் இழுத்தது. குழந்தைகளின் பரதநாட்டியமும் பட்டிமன்றமும் முடிந்து அவர் மேடையேறியபோது எல்லோருக்கும் அகோரப் பசி. ஒரு பாட்டுக்குத்தான் அனுமதி. கண்ணை மூடிப் பாடினார். ஒரு மண்ணும் புரியவில்லை, ஆனாலும் நான் பசியை மறந்து கேட்டேன். மற்றவர்கள் கண்ணெல்லாம் சாப்பாட்டு மேஜையில்.

பாட்டு நீண்டது. பொறுக்காத தலைவர் நம்மூர் வழக்கப்படி மேடைக்குத் துண்டுச் சீட்டு அனுப்பினார்: 'சாம்பார் ஆறுகிறது. உடனே முடிக்கவும்.' பழக்கதோஷம், தமிழிலேயே எழுதிவிட்டார்.

அவர் ஊரான லெனின்கிராடில் ரசிகர்கள் விருப்பப் பாட்டைச் சீட்டில் எழுதித்தான் மேடைக்கு அனுப்புவார்களாம். மனிதர் சீட்டை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டு, அடுத்த பாட்டை ஆரம்பித்தார். தலைவர் அடிக்கோடிட்டு இன்னொரு சீட்டு அனுப்பினார். இன்னொரு பாட்டு வந்தது.

தலைவர் என்னிடம் பாய்ந்து வந்தார்.

"உங்க ஃப்ரெண்ட ஸ்டாப் பண்ணச் சொல்லுங்க சார். இல்லன்னா மைக்க ஆஃப் பண்ணிடுவேன்."

"நீங்க சீட்டு அனுப்பறத ஸ்டாப் பண்ணுங்க சார். அவர் தானா நிறுத்துவார்."

நிறுத்தினார். ஆறிப்போன சாம்பாரை எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். பாடகர் சீட்டுகளைக் காட்டி, என்ன கேட்டிருக்கிறார்கள் என்றார். நிறுத்தாமல் பாடச் சொல்கிறார்கள் என்று கூசாமல் சொன்னேன். கிடார் பிழைத்தது. தலைவரிடம் மட்டும் கிடார் விஷயத்தையும் லெனின்கிராட் சீட்டு வழக்கத்தையும் சொன்னேன். அவர் உம்மென்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த பொங்கலுக்கும் வந்து பாடினார். பாட்டை முடித்துவிட்டுத் தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் சமையல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு நிகழ்ச்சி நிரலின் ஓரத்தைக் கிழித்து ஏதோ எழுதி, மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் நீட்டினார். வழியில் பிரித்துப் பார்த்தேன்.

'சாம்பார் அடுப்பில்தான் இருக்கிறது. இன்னொன்று பாடவும்.'