என் நாளும் முத்தையாவின் நாளும்

பதுளை அரசாங்கக் கச்சேரி வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்த எங்கள் தோட்டத்துச் சனங்களைப் பொலிசாரிடம் பிடித்துக் கொடுத்தவன் நான். யாரையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, பொய்ச்சாட்சி சொல்லவில்லை. ஒரே ஒரு சொல்லை உரக்கக் கூவினேன், அவ்வளவுதான். அவர்களோடு சேர்த்து என்னையும் பொலிஸ் கூட்டில் தள்ளிப் பூட்டினார்கள். அதில் எனக்கு இன்றுவரை மனக்குறை இல்லை.

முறைக்காய்ச்சல் (ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரோடு வரும் காய்ச்சல்) கண்டு படுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பயப்படாதீர்கள். எனக்கு அது அந்தக் கூட்டில்தான் முதன்முதலில் வந்தது. இன்று எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. காய்ச்சலுக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

அப்போது நான் பூனாகலைக்குக் கீழே, வெல்லவாயப் பக்கத்து வெக்கை எட்டிப் பார்க்கும் சரிவில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டத்தின் பெயர் வேண்டாம். மிஷன் பள்ளியில் படித்தவன், இங்கிலீஷ் பேசுவேன், வேதப் புத்தகத்தில் பாதி மனப்பாடம். விடியலில் தப்பு அடிக்கும் சத்தம் கேட்டதும், வரிசை வீடுகளான லயங்களிலிருந்து எல்லோரும் களத்துக்கு வந்து, கங்காணி வாரியாக வரிசையில் நிற்க வேண்டும். அதுதான் பெரட்டு. பெயர் கூப்பிட்டு ஆளை வேலைக்கு அனுப்புவது என் பொறுப்பு.

எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு வழக்கம் இருந்தது. காய்ச்சல்காரரும் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். வந்து நின்று, தான் நோயாளி என்று காட்டினால்தான் நோயாளி. பனியிலும் மழையிலும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அவர்கள் ஓரமாக நடுங்கி நிற்பார்கள். நான் போய் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். சுட்டால் லயத்துக்கு, சுடாவிட்டால் மலைக்கு, வேலைக்கு.

முத்தையா என்றொரு கவ்வாத்துக்காரன் இருந்தான். தேயிலைச் செடியை மட்டம் வெட்டுவதில் கெட்டிக்காரன். அவன் ஒருநாள் பல் கிட்டிப்போகும்படி நடுங்குவான். மறுநாள் நெற்றி சில்லென்றிருக்கும். நேராக நிற்பான், ஆனாலும் உடம்புக்கு முடியவில்லை என்பான்.

“நேத்து செத்துப் போறவன் மாதிரி நடுங்கின. இன்னைக்கு நல்லாத்தான நிக்கிற. நாளைக்கு மறுபடியும் சாவியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

“ஆமாங்கய்யா, நாளைக்குத்தாங்க” என்றான்.

களமே சிரித்தது. நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அவனை மலைக்கு அனுப்பினேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு விடியலில் அவன் மனைவி பேச்சி, காய்ச்சலோடு பெரட்டில் நின்றபடியே சுருண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். தூக்கியபோது தலைமுடியெல்லாம் சேறு. அவள் தேறி எழுந்த கையோடு சனங்கள் கிளம்பிவிட்டார்கள். மாகாணத்தை ஆளும் அரசாங்க ஏஜெண்டுத் துரையைப் பார்த்து ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும்: காய்ச்சல்காரரை லயத்திலேயே படுக்க விட வேண்டும். இதைக் கேட்கப் பதுளைவரை நடந்தே போனார்கள். உத்தரவில்லாமல் வேலையை விட்டுப் போவது அன்றைய சட்டத்தில் குற்றம். அது அவர்களுக்கும் தெரியும்.

துரை என்னைத் தபால் வண்டியில் பின்னால் அனுப்பினார், கூட்டி வா என்று.

நான் போய் இறங்கியபோது கச்சேரி முற்றத்துப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். கடைவீதி முஸ்லிம் முதலாளி ஒருவர் வாளியில் தேத்தண்ணீர் கொடுத்தனுப்பியிருந்தார். இன்ஸ்பெக்டர் வியர்த்துப் போயிருந்தார். பெயர் கேட்டால் ஏஜெண்டுத் துரையிடம்தான் சொல்வோம் என்கிறார்கள். ஒருவரை இழுத்து நிறுத்திவிட்டு அடுத்தவரிடம் போனால் முதல் ஆள் உட்கார்ந்துவிடுகிறார். பார்ப்பதற்குப் பிள்ளைகளின் விளையாட்டுப் போலிருந்தது.

உன்னால் இவர்களை எழுப்ப முடியுமா என்று இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் கேட்டார். எழுந்தால் வீட்டுக்குத்தானே போவார்கள் என்று நினைத்துச் செய்ததாகப் பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. ஒரு இன்ஸ்பெக்டரால் முடியாதது என்னால் முடியும் என்று காட்ட ஆசைப்பட்டேன்.

வாயருகே கையைக் குவித்து, தோட்டத்தில் கூவுவது போலவே கூவினேன்: “பெரட்டு!”

எழுந்துவிட்டார்கள். யோசிக்கவே இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கங்காணி வாரியாக, நூல் பிடித்தாற்போல் வரிசை. அவர்களை அழைத்து வந்த முத்தையாவே தன் வழக்கமான இடத்தில் போய் நின்றான். பேச்சி மட்டும் பாதி எழுந்தவள், “அடப்பாவிகளா, இது பதுளைடா” என்றாள். அதற்குள் பொலிஸ்காரர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

எண்ணி முடித்த இன்ஸ்பெக்டர் என் முழங்கையைப் பிடித்தார். ஒரு சொல்லில் இத்தனை பேரை எழுப்புகிறவன் தலைவனாகத்தான் இருப்பான் என்றார். நான் இங்கிலீஷில் விளக்கினேன். தலைவன் என்பது அதோடு உறுதியாகிவிட்டது.

அந்தி சாய்வதற்குள் பெண்களை விட்டுவிட்டார்கள். பேச்சி கம்பிக்கு வெளியே வந்து நின்று, ரொட்டியை உள்ளே நீட்டியபடி நலம் விசாரித்தாள். “கணக்கப்பிள்ளையய்யா, உள்ள பெரட்டு எடுத்துட்டீங்களா? எல்லா ஆளும் சரியா இருக்கா?”

ஆண்கள் சிரித்த சிரிப்பில் காவல்காரன் எட்டிப் பார்த்தான்.

நோயின் முதல் அடையாளம் மறுநாள் கொட்டாவியாக வந்தது. அடுத்தடுத்துக் கொட்டாவி, பிறகு இடுப்பில் வலி. நகங்கள் நீலமாயின. பிறகு எலும்புக்குள் இருந்து ஒரு குளிர் கிளம்பியது. என் பற்கள் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே வேடிக்கையாக இருந்தது. யாரோ ஒரு கம்பளியை என்மேல் போட்டு, அதன்மேல் கையையும் அழுத்தினார்கள். முத்தையா.

“இன்னைக்கு ஒங்க நாளுங்கய்யா. நாளைக்கு என் நாளு. கம்பளி ஒண்ணுதான், பங்கு சரியா வந்துருச்சு.”

குளிர் போய்ச் சூடு வந்தது, சூடு போய் வியர்வை கொட்டியது. விடிந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. நல்ல பசி. எனக்கு ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். எழுந்து நின்றதும் முழங்கால்கள் வெற்றுக் கூடாக ஆடின. அப்போதுதான் புரிந்தது. நெற்றி சில்லென்று இருக்கும் நாளும் காய்ச்சலின் நாள்தான். அது போகவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. எத்தனை பேரின் சில்லிட்ட நெற்றியைத் தொட்டு மலைக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்று சொன்ன நேரத்துக்கு முத்தையாவுக்கு வந்தது. கம்பளியை அவன்மேல் போட்டுக் கால்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேண்டாங்கய்யா என்றான். வாயை மூடு என்றேன்.

அடுத்த நாள் பொலிஸ் சார்ஜன் வந்து, நோயாளி யாராவது இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு என்றார். நடுங்கிக்கொண்டிருந்தவன் நான். முத்தையாவுக்கும் இதே காய்ச்சல்தான், நாளைக்கு வரும் என்று சொன்னேன்.

“நாளைக்கு வாற காய்ச்சலுக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரியா?” என்றார் சார்ஜன்.

கூட்டில் எல்லோரும் சிரித்தார்கள். முத்தையாதான் அதிகம் சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்தவர். இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தி, “இதிலை நோகுதோ?” என்று கேட்டார். நொந்தது. மண்ணீரல் (கெட்டுப்போன இரத்தத்தை வடிக்கும் உறுப்பு) வீங்கியிருக்கிறது என்றார். கொயினா (சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் மருந்து) கொடுத்தார். அதன் கசப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது. காதுக்குள் சில்வண்டு கத்தும், கூப்பிட்டால் கேட்காது. பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

டாக்டரிடம் முத்தையாவைப் பற்றிச் சொன்னேன், பெரட்டில் நான் கேட்ட கேள்வியையும் ஒளிக்காமல் சொன்னேன்.

“அந்த ஆள் சொன்னது சரி. காய்ச்சலுக்குத் தன்ரை நாள் தெரியும். உமக்குத்தான் தெரியேல்லை” என்றார். பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டார்.

வழக்கு நாள் எனக்குக் காய்ச்சல் இல்லாத நாளாக அமைந்தது. துரை சொல்லி என்னை ஏற்கெனவே விடுவித்திருந்தார்கள். ஆனாலும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். இவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள், எழுப்பி நிறுத்தியவன் நான் என்று நீதவானிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வரிசையில் நின்றது குற்றமில்லை, உத்தரவில்லாமல் தோட்டத்தை விட்டு வந்ததுதான் குற்றம் என்றார். மற்றவர்களைக் கண்டித்து அனுப்பினார். அழைத்து வந்ததற்காக முத்தையாவுக்கு ஜெயில்.

அவன் வெளியே வந்த அன்று நானும் பேச்சியும் ஜெயில் வாசலில் நின்றோம். என் மடியில் கொயினாப் பொட்டலங்கள், அவளிடம் ரொட்டி. எலும்பும் தோலுமாக வருவான் என்று நினைத்திருந்தேன். கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் வந்தான். டாக்டர் சொல்லியனுப்பியபடி உள்ளேயே மருந்து கிடைத்திருக்கிறது. என் பொட்டலத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

நான் படித்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கினேன். அவன் என்னை முடிக்க விடவில்லை.

“ஒண்ணு தெரியுங்களாய்யா? ஜெயில்ல காய்ச்சல்காரன படுக்க விடுறாங்க. எந்திரின்னு ஒரு ஆளு சொல்லல. தோட்டத்துலதாங்க நிக்கணும்.”

பேச்சி ரொட்டியைப் பிய்த்து அவனிடம் கொடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். “மன்னிப்பெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. பெரட்டுல காய்ச்சல்காரங்க பேரக் கூப்புடாதீங்க. அது போதும்.”

தோட்டத்துக்குத் திரும்பியதும் அப்படியே செய்தேன். காய்ச்சல்காரர் பெயர் வந்த இடத்தில் மௌனமாகத் தாண்டிப் போனேன். களத்தின் ஓரம் வெறுமையாக இருந்தது. எங்கே அவர்கள் என்று துரை கேட்டார். லயத்தில் படுத்திருக்கிறார்கள் என்றேன். மகாராணியின் ஜெயிலில் காய்ச்சல்காரனைப் படுக்க விடுகிறார்கள், இங்கே மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டேன். நான் படித்த இங்கிலீஷ் உருப்படியாகப் பயன்பட்டது அன்றுதான்.

துரையின் கழுத்துச் சிவந்தது. பெரட்டை என்னிடமிருந்து பிடுங்கி இன்னொருவரிடம் கொடுத்தார். எனக்குத் தண்டனை: தினமும் விடியலில் மருந்துப் போத்தலைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாகப் போய், காய்ச்சல்காரரை அவரவர் காம்பரா அறையிலேயே பார்த்து வந்து சொல்ல வேண்டும். கணக்கப்பிள்ளைக்கு இதைவிடக் கேவலம் இல்லை என்று அவர் நினைத்தார். சனங்கள் பதுளைவரை நடந்து கேட்டது இதைத்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதல்நாள் போத்தலோடு போனபோது பேச்சி வாசலில் நின்று, “வந்துட்டாருய்யா நம்ம பெரட்டு” என்று உள்ளே குரல் கொடுத்தாள். அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. நான் வேலையை விட்ட பிறகும் போகவில்லை.

இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. காய்ச்சலைக் கொண்டுவருவது சதுப்பு நிலத்துக் காற்றில்லை, இராத்திரி கடிக்கும் நுளம்பு என்கிறார்கள். பேச்சி போன வருடம் கண்ணை மூடிவிட்டாள். மழை பிடித்தால் எனக்கும் முத்தையாவுக்கும் காய்ச்சல் திரும்ப வரும், இன்னமும் ஒருநாள் அவருக்கு, ஒருநாள் எனக்கு. புதனா வியாழனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாருடைய நாள் என்று கேளுங்கள், சொல்வேன்.

இன்னமும் தோட்டத்தை ஒட்டித்தான் குடியிருக்கிறேன். இதை எழுதும்போது களத்தில் தப்பு அடிக்கிறது. என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே நிமிர்கின்றன. ஒரு காலத்தில் அடுத்தவர் உடம்பில் இந்தப் பழக்கத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். இப்போது என் உடம்பில் அது வரும்போது முழங்காலைத் தட்டிக் கொடுத்து, உன்னை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லி உட்கார வைக்கிறேன்.

இன்று முத்தையாவின் நாள். கொட்டாவி தொடங்கியிருக்கும். கம்பளியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். நான் உள்ளே நுழைந்தால் அவர் வழக்கம்போல் எழுந்து உட்காரப் பார்ப்பார். படுங்க, படுங்க என்று நானும் வழக்கம்போலச் சொல்லவேண்டியிருக்கும்.