மாதா கோயிலில் ஒரு நாற்காலி

ஹாலந்தில் சைக்கிளில் போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கொரட்டூரில் நான் வாடகை சைக்கிள் எடுத்த அன்று தெருவே கேட்டது. "பாரின்லேர்ந்து வந்துட்டு இன்னா மாமே இது, மானம் போவுது" என்று பள்ளித் தோழன் சேகரே முனகினான். முனகிக்கொண்டே தன் சைக்கிளையும் எடுத்து வந்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விடுமுறை முடிய இருந்தது, வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லி, திங்கட்கிழமை பதில் கேட்டிருந்தது. ஊரோடு வந்துவிடலாம் என்று என் மனைவி கமலா ஆசையாகக் காத்திருந்தாள். எனக்கும் ஆசைதான், ஆனால் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. ஹாலந்தில் மனம் குழம்பினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வழியில் தென்படும் பழைய கிராமத்துத் தேவாலயங்களைப் பார்த்துவிட்டு வருவேன். அந்தச் சனிக்கிழமை இங்கேயும் அதையே செய்தேன்.

ஆவடி, கரையான்சாவடி என்று லாரிப் புகையில் மிதித்து, பூந்தமல்லி தாண்டி வயல் பக்கம் திரும்பினோம். வெள்ளைக்காரன் காலத்து மாதா கோயில். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், உள்ளே நல்ல குளிர்ச்சி. அண்ணாந்து பார்த்தபடி பாதி தூரம் நடந்துவிட்டேன். பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். "இன்னாப்பா, ஷூவோட வர்றே? எந்த ஊரு நீ?"

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஹாலந்து போன புதிதில், இதே போல ஒரு கோயில் வாசலில் ஷூவை விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனவன் நான். மாதா கோயிலானாலும் கோயில்தானே! காவலுக்கு இருந்த கிழவர், கல் தரை சில்லிடுமே என்று பதறி, ஷூவைத் தூக்கி வந்து என் காலடியில் வைத்தார். அவர் பேசியது பாதிதான் புரிந்தது. கூச்சம் மட்டும் முழுசாக இருந்தது. அந்தப் பழக்கம் எப்போது என்னை விட்டுப் போனது என்று தெரியவில்லை.

கொரட்டூர் என்றேன். அவள் நம்பவில்லை. கொரட்டூர்க்காரனுக்கு இதுகூடத் தெரியாதா என்று ஒரு பிடி பிடித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் திட்டு எனக்கு இனித்தது. சேகர்தான் காரியத்தைக் கெடுத்தான்.

"பாரின்ல கீறான் யக்கா, அதான் மறந்துட்டான்."

அவள் முகம் மாறியது. 'நீ' போய் 'நீங்க' வந்தது. ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து முந்தானையால் துடைத்துப் போட்டாள். ஷூவைக்கூடக் கழற்ற வேண்டாம் என்றாள். சேகர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தான். அவனுக்கு நாற்காலி போட அவளுக்குத் தோன்றவேயில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

திங்கட்கிழமை அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் இனி நான் விருந்தாளிதான் என்று கமலாவிடம் சொல்லி, கோயிலில் நடந்ததையும் சொன்னேன். அவள் புடவைகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத்தான் சேர் போட்டாங்க. எனக்கு யாரும் போடலியே" என்றாள்.

நாங்கள் ஹாலந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் பெட்டி நிரம்பி வழியும், அவள் மேலே ஏறி உட்காருவாள், நான் பூட்டுவேன். அன்று அவள் வந்து உட்காரவில்லை. முழங்காலால் அழுத்திக்கொண்டு நானே பூட்டினேன்.