வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மருத்துவ முகாம். கல்யாண மண்டபத்து மாடியில். 'பெயர் எழுத ஆள் வேண்டும்' என்றார்கள், போனேன். ஊசியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் எனக்கு வேறென்ன வேலை தர முடியும்?

டாக்டர் நிவேதா சென்னையிலிருந்து வந்திருந்தார். முதல் ஆளே "தடுமம் பிடிச்சிருக்கு டாக்டரம்மா" என்றதும் என்னைப் பார்த்தார். "ஜலதோஷம்" என்றேன். அந்த நிமிடத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் வேலையும் எனக்குத்தான்!

காய்ச்சல், சேற்றுப்புண்... இதெல்லாம் டாக்டருக்குச் சிரமமில்லை. சிக்கல், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம்தான். மாத்திரையோடு மருந்துச் சீட்டும் வெள்ளத்தில் போய்விட்டது. என்ன மாத்திரை என்று கேட்டால், "சின்னதா, ரோஸ் கலர்ல இருக்கும்."

சிரிக்காதீர்கள். நீங்கள் தினமும் விழுங்குகிற மாத்திரையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

பதினோரு மணி வாக்கில் ஜமீலா என்றொரு பெண் மகளோடு வந்தார். ஏழாவது படிக்கிற பிள்ளை. வலிப்பு நோய்.

"நாலு நாளா மாத்திரை இல்லை டாக்டரம்மா. காலைல இருந்து கை வெட்டி வெட்டி இழுக்கு."

"என்ன மாத்திரை?"

"வெள்ளையா இருக்கும். நடுவுல ஒரு கோடு கெடக்கும்..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி நூறு மாத்திரை இருக்கும்மா. பேரும் அளவும் தெரியாம கொடுக்க முடியாது."

பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால், பாலம் இன்னும் திறக்கவில்லை. ஜமீலா அழவில்லை. மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போது வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல்: "நான் சொல்லுதேன் டாக்டரம்மா. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு!"

சுடலைமுத்து அண்ணாச்சி. ஊரின் ஒரே மெடிக்கல் ஸ்டோர்காரர். கடைக்குள் கழுத்தளவு தண்ணீர் புகுந்திருந்தது. ஒரு அட்டைகூட மிஞ்சவில்லை. உடைந்த கண்ணாடி காலைக் கிழித்திருந்ததால் தடுப்பூசிக்கு வந்திருந்தார்.

மாத்திரையின் பெயர், மில்லிகிராம் — எழுத்துப் பிசகாமல் சொன்னார். பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரின் செல் நம்பரும் மனப்பாடம்! நிவேதா போட்டுப் பேசினார். மறுமுனையும் அதையே சொன்னது. நல்லவேளை, மாத்திரை எங்கள் பெட்டியிலேயே இருந்தது.

சாயங்காலத்துக்குள் பிள்ளையின் கை அடங்கிவிட்டது. முகாமில் கொடுத்த உப்புமாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவ்வளவு சொன்ன அண்ணாச்சியை விடுவோமா? டாக்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டோம்.

"அங்கன நிக்காரே, அவருக்கு சுகர். இந்தா வாராளே, பிரஷர் மாத்திரையைப் பாதியா உடைச்சுச் சாப்பிடுவா. சொன்னா கேக்க மாட்டா!"

"அண்ணாச்சி, பைய பேசுங்க. ஊருக்கே கேக்கு!" என்றார் அந்தப் பெண். மண்டபமே சிரித்தது. நிவேதா ஒவ்வொருவரையும் பரிசோதித்து, சரிபார்த்து எழுதிக்கொண்டே இருந்தார்.

கடையே போய்விட்ட மனிதர். அன்று முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளம் வந்த ஊர்களுக்கு லாரி லாரியாக மருந்து வருகிறது. வரட்டும், ரொம்ப நல்லது. ஆனால் யாருக்கு எது என்று தெரிந்த ஆள் அந்தந்த ஊரில்தானே இருப்பார்?

கிளம்பும் நேரத்தில் நிவேதா அண்ணாச்சிக்கும் பிரஷர் பார்த்தார். எக்கச்சக்கம்!

"நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

அண்ணாச்சி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது... வீட்டுக்காரிதான் எடுத்துத் தருவா. அவகிட்டதான் கேக்கணும்!"