அடைக்கக் கூடாத ஓட்டை

பழைய வீடுகளில் சூடேற்றும் மிஷினும் குளிரூட்டும் மிஷினும் பொருத்துகிறவர்கள் அந்தப் பகுதியில் நாலைந்து பேர் இருந்தார்கள். ‘இடுக்கு அண்ணன்’ என்று பெயர் வாங்கியவர் ஒருவர்தான். மற்றவர்கள் வந்ததும் மிஷினைப் பார்ப்பார்கள். இவர் ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போவார். காகிதம் எங்கே படபடக்கிறதோ அங்கே இடுக்கு இருக்கிறது, வீட்டுக்காரர் காசு கொடுத்து ஏற்றும் சூடெல்லாம் அந்த வழியாகத் தெருவுக்குப் போகிறது என்று அர்த்தம். உடனே முகம் சிவந்துவிடும். இடுக்கு ஏதோ அவரைப் பெயர் சொல்லித் திட்டிவிட்டது போல வரிந்து கட்டிக்கொண்டு அடைப்பார்.

கல்யாணமான புதிதில் தன் முகத்தைப் பார்த்ததைவிட ஜன்னல் சட்டத்தைத்தான் மனிதர் அதிகம் பார்த்தார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். பஸ்ஸில் போனாலும் ஜன்னல் சந்தில் கைக்குட்டையைச் செருகாமல் உட்காரமாட்டார். பேச்சும் அப்படித்தான், நடுவில் இடைவெளியே இருக்காது.

அப்படிப்பட்டவரிடம்தான் தையல்காரர் வீட்டு வேலை வந்தது. தையல்காரரும் அவர் மனைவியும் எழுபதைத் தாண்டியவர்கள், இரண்டே பேர். சமையலறைச் சுவரில் கேஸில் எரியும் பழைய பாய்லர் ஒன்று தொங்கியது. அதிலிருந்து வெந்நீர் குழாய் வழியாக ஒவ்வோர் அறையிலும் இருக்கும் இரும்பு ரேடியேட்டருக்குப் போய் வீட்டைச் சூடாக்கும். அதைக் கழற்றிவிட்டு, குளிர்காலத்தில் சூடும் வெயில்காலத்தில் குளிர்ச்சியும் தரும் கரண்ட் மிஷின் வைப்பதாக ஏற்பாடு. புது மிஷின் வர ஒரு வாரம் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அதுவரை பழைய பாய்லர்தான்.

எப்போதும் மிஷினை மாற்றிவிட்டு, கடைசியாகத்தான் இடுக்குகளை அடைப்பது அவர் வழக்கம். ஆனால் அந்தம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வாரம் இந்தக் குளிரில் எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று அன்று மத்தியானமே ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்தார். சமையலறைச் சுவரில் கம்பி வலை போட்ட ஒரு ஓட்டை இருந்தது. அதன் எதிரே காகிதம் பறந்த பறப்பைப் பார்த்ததும் ஆத்திரம் தாங்காமல் பஞ்சைத் திணித்து, மேலே பலகை வைத்து அறைந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

சாயங்காலம் தையல்காரர் வீட்டிலிருந்து போன் வந்தது. வேலை முடிந்த அன்றே வரும் போன் புகாராகத்தான் இருக்கும், தூசி கிடக்கிறது என்பார்கள், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

காலையில் சலூனுக்குப் போனார். பாதி முகத்துக்கு சவரம் ஆகியிருந்தது. பின்கழுத்தில் சிலீரென்று காற்று பட்டது. பார்த்தால் ஜன்னல் நாலு விரல் அளவுக்குத் திறந்திருக்கிறது. சும்மா இருப்பாரா? சோப்பு நுரையோடு எழுந்து சாத்தப் போனார்.

“அதைச் சாத்தாதீங்கண்ணே. கேஸ் ஹீட்டர் எரியுதுல்ல, அதுக்குக் காத்து வேணும். போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க” என்றார் சலூன்காரர்.

இடுக்கு அண்ணனுக்கு ஜன்னலில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பாய்லரும் கேஸில்தான் எரிகிறது. அதற்குக் காற்று வர விட்டிருந்த வழிதான் அந்தக் கம்பி வலை ஓட்டை. போதுமான காற்று இல்லாமல் எரிந்தால் வீட்டுக்குள் விஷவாயு நிறையும். வாசனை இருக்காது, தூங்குகிறவர்களுக்குத் தூக்கம் கலையவும் கலையாது. தையல்காரர் வீட்டுக்கு உடனே போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

கழுத்தில் கட்டிய துணியோடு ஓடினார். தெருவில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே ஓடினார். ‘நான்தான், நான்தான்’ என்பதைத் தவிர மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. தையல்காரர் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தார். உள்ளே சத்தமே இல்லை. உடைத்துவிடலாம் என்று தோளைக் கொடுக்கப் போன நேரத்தில் தாழ்ப்பாள் விலகியது.

உடம்பைச் சுற்றிக் கம்பளியும், தலையில் மஃப்ளருமாகத் தையல்காரர் மனைவி நின்றார்.

“வந்துட்டீங்களா மகராசா?” என்று ஆரம்பித்தவர் வெளுத்து வாங்கிவிட்டார். இவர் போன அரை மணியில் பாய்லர் அணைந்துவிட்டதாம். போன் பண்ணினால் எடுக்க ஆளில்லையாம். ராத்திரி முழுக்க வீடு ஐஸ் பெட்டியாம். நேற்று நம்ம போனை எடுக்காதவர்தானே, கொஞ்சம் தவிக்கட்டும் என்று காலையில் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லையாம். அவர் திட்டத் திட்ட இடுக்கு அண்ணனுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. கூடத்தில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. எத்தனையோ ரேடியேட்டரைச் சூடாக்கிச் சந்தோஷப்பட்டவர், அன்றைக்கு அந்தக் குளிர்ந்த இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு சமையலறைக்குப் போய்ப் பலகையைப் பிடுங்கி எறிந்தார். பஞ்சை உருவினார். பின்னாலேயே வந்த இருவரையும் பார்த்து, இருபத்தைந்து வருடத் தொழிலில் முதல்முறையாகப் பேச்சுக்குத் தடுமாறினார்.

“ஐயா, இது பாய்லருக்குக் காத்து வர்ற வழி. நான்தான் அடைச்சுட்டேன். காத்து பத்தாமதான் அது அணைஞ்சிருக்கு. எரிஞ்சுக்கிட்டே இருந்திருந்தா ராத்திரியே உங்க ரெண்டு பேரையும்…”

அந்தம்மா திட்டுவதை நிறுத்திவிட்டார். தையல்காரர் சமையல் மேடையில் கிடந்த காலித் தீப்பெட்டியை எடுத்துக் காட்டினார்.

“நான் விடாம பத்த வெச்சுக்கிட்டே இருந்தேன் தம்பி. பிடிக்கும், உடனே அணையும். கடைக்குப் போய் இன்னொரு தீப்பெட்டி வாங்கிட்டு வர்றேன்னு கிளம்பினேன். இவதான், போதும், குளிர்ல செத்தா போயிடுவோம், வந்து படுங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா.”

சொல்லிவிட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்க, தம்பி நிக்குது” என்றார் அந்தம்மா.

“நிக்கட்டும்.”

இடுக்கு அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஓட்டை வழியாகக் குளிர்காற்று வந்து முகத்தில் அடித்தது. அவர் அதன் எதிரே நின்று, கழுத்துத் துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.