கல்யாண வீட்டில் போட்ட ஜப்பான் தட்டு

என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது ஒரு ஜப்பான் இசைத்தட்டால். இதைச் சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊர் சாணார்பட்டிக்குப் பக்கம். அண்ணன் திண்டுக்கல்லில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். விசேஷ வீடுகளுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவதும் அவன்தான். கப்பலில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவன் அவனுக்கு அந்தத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அட்டையில் எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கும். கிதார், ஆர்கன், டிரம் மட்டும்தான். பாடுகிற ஆள் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஒரு பக்கம் முழுக்க ஒரே வாசிப்பு.

"எல்லாக் கல்யாணத்துலயும் அதே சினிமாப் பாட்டுதான். என் தங்கச்சி கல்யாணத்துக்கு எவனும் கேக்காததப் போடுறேன்" என்றான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வேடசந்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். புளியமரத்தில் கட்டிய குழாயை ரோட்டைப் பார்க்கத் திருப்பிவிட்டு அண்ணன் தட்டைப் போட்டான். ஆர்கன் மெதுவாக இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. அதன்மேல் கிதார் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரர் எட்டிப் பார்த்து, "அடிக்கிறதெல்லாம் சரி, பாட்டு எப்ப அப்பு ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். சித்தப்பா, குழாயில் குளவி கூடு கட்டியிருக்கும், இறக்கித் தட்டச் சொன்னார். எனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த அத்தை மட்டும் கையை நிறுத்திவிட்டு, "யாரு செத்துப்போனாக?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அத்தையைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பெரிய தலைவர் யாராவது காலமானால் ரேடியோவில் பாட்டை எல்லாம் நிறுத்திவிட்டு நாள் முழுக்க வெறும் வாத்தியம் வாசிப்பார்கள். பஞ்சாயத்து ரேடியோவில் வார்த்தையில்லாத வாசிப்பு வந்தால் சாவுச் செய்தி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரேடியோவே பிழைப்பாக இருந்த என் அண்ணனுக்கு மட்டும் அது தோன்றவில்லை.

ரோட்டோரத்து டீக்கடைக்காரர் துக்கம் என்று நினைத்துக் கடையில் பாதிப் பலகையை அடைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் வந்து நின்றது. இறங்கிய மாப்பிள்ளை வீட்டாரிடம், "பெரிய தலைவரு யாரோ போயிட்டாகளாம்" என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அப்பா ஓடிப்போய், யாரும் சாகவில்லை, அது ஜப்பான் தட்டு என்று விளக்கினார். அதற்குப் பிறகுதான் விபரீதம் ஆயிற்று.

"சாவே இல்லாம சாவு வாசிப்பு போட்டீகளா? எங்க காலு ஒங்க ஊர்ல படுற நேரத்துலயா?" மாப்பிள்ளையின் அப்பா குரல் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அவர் மில்லில் மேஸ்திரி. மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. அந்தத் தட்டைத் தன் கண் முன்னால் எரித்தால்தான் வீட்டு வாசலுக்கு வருவதாகவும், இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவதாகவும் சொன்னார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்தல் போட்டு, பரிசம் வாங்கி, மாப்பிள்ளை ரோட்டிலிருந்து திரும்பிப்போன பெண்ணை அதற்குப் பிறகு யார் கட்டுவான்? அண்ணன் தட்டை எடுத்தான். முதலில் உடைக்கப் பார்த்தான். அது வளைந்ததே தவிர ஒடியவில்லை. சாம்பார் கொதித்த கோட்டையடுப்பில் கொண்டுபோய்ச் செருகினான். கரும்புகை பந்தல் முழுக்கச் சூழ்ந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவன் மட்டும் அது உருகி முடியும்வரை அடுப்பருகிலேயே நின்றான்.

மறுநாள் காலையில் தாலி ஏறியது. சாயங்காலம் வேடசந்தூரில் என் வீட்டுக்காரர் முதல்முதலாக என்னோடு பேசினார்.

"அந்தத் தட்டுல இன்னொரு பக்கம் எப்பிடி இருக்கும்?"

"தெரியல. யாரும் கேக்கலியே. ஏன்?"

"ரோட்டுல நின்னு கேட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அம்புட்டு நல்லா இருந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பொம்பளை, அதுவும் கல்யாணப்பெண். வாயைத் திறக்க வழியில்லை. மாப்பிள்ளைக்கு என்ன வந்தது?

"அப்பொறம் ஏன் எரிக்கச் சொன்னப்ப ஒண்ணும் சொல்லல?"

"எங்க அய்யா சொல்லிட்டாருல்ல" என்றார், நான் என்னவோ புரியாமல் கேட்டுவிட்ட மாதிரி.

தாலியில் மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை. இனி என் காலம் முழுக்க இவரோடுதானா என்று எனக்குத் திக்கென்றது.