பிரித்துப் போட்ட பஸ்

மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கும் என் தங்கை பேத்திக்கு இது ஏழாம் மாதம். போன வாரம் பார்க்கப் போனபோது ஒரு குழந்தைப் போர்வையை விரித்துக் காட்டினாள். கொக்கி ஊசியால் பின்னியது, வரிசையாகக் கார்கள். ஆன்லைனில் வாங்கினாளாம். "அழகா இருக்கு, மடிச்சு உள்ள வை" என்று சொல்லிவிட்டு, தாகமே இல்லாமல் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? குழந்தை பிறக்குமுன்னே அதற்கென்று எதுவும் செய்து வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பிறந்ததும் பழைய வேட்டியில்தான் சுற்றுவோம். அதை நான் மீறியது ஐம்பதுகளில், கெலமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சராகச் சேர்ந்த புதிதில். வயது பத்தொன்பது. ஊசி பிடிக்கத் தெரிந்த திமிர் வேறு.

செய்து தரக் கேட்டது என் அண்ணி. அவளுடைய முதல் பையன் பதினோரு நாள்தான் இருந்தான். காய்ச்சலில் துவண்டவனை ஓசூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ரோட்டில் காத்துக் கிடந்தோம். பஸ் வருமுன்னே அவள் மடியிலேயே போய்விட்டான். மறுபடி முழுகாமல் இருந்தபோது ஒருநாள் துவைக்கிற கல்லருகே மெதுவாகக் கேட்டாள். "கண்ணு, உன் ஊசியில பஸ்ஸு போட வருமா? ஒரு போர்வை. அத்தைக்குத் தெரிய வேணாம்."

ஏன் பஸ் என்று கேட்கிற புத்தி எனக்கு எங்கே இருந்தது? கட்டம் போட்ட தாளில் படம் வரைந்தேன். அடைத்த கட்டமெல்லாம் பஸ், காலிக் கட்டமெல்லாம் வெளி. கீழிருந்து மேலே போகும் பின்னல். முதலில் சக்கரம், பிறகு ஜன்னல், கடைசியில் கூரை. ஒரு கட்டம் எண்ணிக்கை தப்பி முன்சக்கரம் சப்பையாகிவிட்டது. பெருமைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தேன்.

அண்ணிக்கு வலி கண்டு இரண்டாம் நாள் முற்பகல். குழந்தை இறங்கவில்லை. அண்ணன் நர்ஸம்மாவைக் கூட்டிவர ஓசூருக்கு சைக்கிளில் போயிருந்தான். உள்ளே மருத்துவச்சி தெலுங்கில், "ஏமீ காது, ஏமீ காது" என்றாள். ஒன்றும் ஆகாதென்று சொல்கிறவளின் குரலே நடுங்கியது. பழந்துணி போதாமல் அம்மா என் பெட்டியைத் திறந்தாள். போர்வையோடு வந்து நின்றாள்.

"யாரு செய்யச் சொன்னா?"

"நானாத்தான் செஞ்சேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். "பிரிச்சுரு. ஒரு இழை இருக்கக் கூடாது."

இந்தப் பின்னலில் கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் மொத்தமும் கழன்று வந்துவிடும். கூரை போயிற்று. ஜன்னல்கள் போயின. பள்ளிக்கூடத்தில் சகுனமெல்லாம் பொய் என்று பேசுகிற டீச்சரம்மாதான் நான். ஆனாலும் அம்மா சொன்னதற்காகப் பிரிக்கவில்லை, நம்பித்தான் பிரித்தேன். நான் போட்ட பின்னல்தான் அந்தக் குழந்தையை இறங்க விடாமல் கட்டிப் போட்டிருக்கிறது என்று நம்பினேன். அண்ணி அலற அலற என் கை வேகமாயிற்று. நூல் விரலை அறுத்தது. சக்கரத்துக்கு வந்தபோது உள்ளே சத்தம் நின்றுபோனது. அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் குழந்தை அழுதது. பெண். நான் அப்படியே நூலைக் கீழே போட்டேன்.

சாயங்காலம் கண் திறந்ததும் அண்ணி கேட்டது போர்வையைத்தான். மிஞ்சியிருந்த சக்கரத் துண்டைக் காட்டினேன். "தப்பாப் போச்சு அண்ணி. ஒரே மாசத்துல பாப்பாவுக்கு வேற போட்டுத் தரேன்."

"பாப்பாவுக்கு வேணாம் கண்ணு," என்றாள். "இவளுக்கா கேட்டேன்? அவனுக்குக் கேட்டேன்."

தீட்டுக் கழிந்ததும் அந்தத் துண்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு மூத்தவனைப் புதைத்த மேட்டுக்குப் போனாள். நான் வேலி வரைக்கும் போய் நின்றுவிட்டேன். அடையாளத்துக்கு அங்கே ஒரு கல் நட்டிருந்தது. பிற்பாடு அந்த நிலம் ஒரு கம்பெனிக்குப் போயிற்று. மேட்டைச் சமன் செய்து மதில் எழுப்பிவிட்டார்கள். அண்ணியும் போய்விட்டாள். அந்த வழியாகப் போகிறபோதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். அவன் எந்த இடத்தில் கிடக்கிறான் என்று சொல்ல இப்போது எனக்குத் தெரியவில்லை.